சைகை வகுப்பின் உரையாசிரியர்

ஆசிரியர் கையை உயர்த்துவதற்குள் அதன் அர்த்தத்தை உரத்த குரலில் பிரகடனம் செய்துவிட்டு, சபையை ஒருமுறை கம்பீரமாகச் சுற்றிப் பார்க்கும் அந்த அன்பர், ஞாயிறுதோறும் சைகை மொழி கற்பிக்கும் எந்த இளைஞர் மன்றத்திலும் முதல் வரிசையில்தான் வீற்றிருப்பார்.

காது கேளாத ஆசிரியரோ சூத்திரம்போல் சுருங்கச் சொல்பவர். 'உன்', 'பெயர்', 'என்ன' என்று மூன்று சைகை, வினாவுக்குரிய முகபாவம், அவ்வளவே. அன்பர் அதற்குச் செய்யும் உரையோ, பதவுரையில் தொடங்கிப் பொழிப்புரையாய்ப் பெருகி, வினாச்சொல் கடைசியில் நிற்பதைக் கொண்டே இம்மொழிக்கும் தமிழுக்கும் பூர்வ பந்தம் உண்டென்று ஸ்தாபித்து, அமெரிக்கர் ஒற்றைக் கையால் எழுத்துக் காட்டுவதை யூடியூபில் கண்ட பலத்தால், நம் நாட்டில் பெரும்பாலும் இரு கைகளாலும் காட்டப்படும் எழுத்துகளை வீண் சிரமமென்று கண்டிக்கும்வரை ஓய்வதில்லை. மாணவர்களின் கண்கள் தம்மைவிட்டு அகன்றதைக் கவனித்த ஆசிரியர், கைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருப்பார்.

இத்தனைக்கும், டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் வெளியிட்ட அகராதிப் பதிப்பில் 10,000 சொற்கள் இருக்க, அன்பரின் கைவசமுள்ளவை வணக்கம், நன்றி, சாப்பாடு, தேநீர் ஆகிய நான்கே. அவற்றையும் புருவம் அசையாத முகத்தோடு காட்டுவதால், 'சாப்பிட்டீர்களா?' என்ற அவரது உபசாரம், 'நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள்' என்ற தீர்ப்பாகவே எதிராளியைச் சேர்கிறது.

ஆயினும், வகுப்புக்கு முதலில் வந்து ஜமக்காளம் விரிப்பவர் அவரே. கடைவீதியில் ஆசிரியரைக் கண்டால், நாமெல்லாம் கற்ற நாலு சைகையும் தப்பிவிடுமோ என்று கூசி ஒதுங்குகையில், கூட்டத்தைப் பிளந்துகொண்டு சென்று, தப்பும் தவறுமாக ஆனந்தத்துடன் அளவளாவுபவரும் அவரே. அந்தத் துணிவு எனக்கில்லை. அதை மனமார மெச்சுகிறேன்.

ஆனால், உரை உச்சத்தை எட்டும்போது அவர் எழுந்து, நமக்கு முதுகைக் காட்டி, ஆசிரியருக்கு நேர் எதிரே நின்றுவிடுகிறாரே, அதை மட்டும் மெச்ச இயலவில்லை. மற்ற வகுப்பென்றால் எவர் மறைத்தாலும் பாடம் காதில் விழும். இங்கே பாடம் முழுவதும் ஆசிரியரின் கைகளிலும் முகத்திலும் இருக்கிறது. சைகையால் சொல்லிப் பார்க்கலாமென்றால், அவர் திரும்பினால்தானே? ஆகையால் பரிகாசத்தை விடுத்து, விண்ணப்பமாகவே எழுதிவிடுகிறேன்: தயவுசெய்து உட்காருங்கள், ஐயா, பின்வரிசையில் இருப்பவர்களும் சந்தா கட்டியிருக்கிறோம்.