செட் போட வேண்டாம், சுவர் தயார்

ஓடிடி கம்பெனிக்காரர்களே,

தாமலிலிருந்து எழுதுகிறேன். கோர்வைச் சேலைக்கு மறுபக்க நாடா போட ஆள் வராமல் தறி நின்றுபோன ஒரு நாளில், 2019 ஜூனில் நீங்கள் விட்ட 'லைலா' தொடரைச் செல்போனில் பார்த்தோம். ஆர்யவர்த்தா என்றொரு எதிர்கால நாடு. சமூகத்துக்கொரு குடியிருப்பு, நடுவில் ராட்சதச் சுவர், தண்ணீருக்கு அடிதடி.

பக்கத்துத் தறிக்காரர் கேட்டார்: "இன்னாய்யா, இதுவா எதிர்காலம்? எங்க தாத்தா காலத்துக் கதையாச்சே!"

அடுத்த சீசனுக்கு நாங்களே எபிசோட் தருகிறோம். பணம் வேண்டாம்.

முதல் எபிசோட், மதுரை மாவட்டம் உத்தப்புரம். தலித் மக்களை மறித்த சுவரின் மேல் கம்பி இழுத்து மின்சாரமும் விட்டிருந்தார்கள். உங்கள் ஆர்ட் டைரக்டருக்கே தோன்றாத யோசனை! 2008 மே 6 அன்று அரசு அதில் ஒரு பகுதியை இடித்தது. அதை எதிர்த்து, அடைபட்டுக் கிடந்தவர்கள் அல்ல, அடைத்து வைத்தவர்கள் தங்களுக்கு அநீதி என்று ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது, மேட்டுப்பாளையம் நடூர். 'லைலா' வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2019 டிசம்பர் 2, விடியாத நேரத்து மழையில் உயரமான கற்சுவர் ஒன்று தலித் வீடுகளின் மேல் சாய்ந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். நியாயம் கேட்டு மறியல் செய்தவர்களுக்குத் தடியடி கிடைத்தது.

மூன்றாவது, வேங்கைவயல். இதுதான் அசல் அறிவியல் புனைவு. 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம். சிபிசிஐடி வந்தது, டிஎன்ஏ பரிசோதனை நடந்தது. இரண்டு வருடம் துப்புத் துலக்கி 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தால், அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூவர்தான் குற்றவாளிகளாம்! அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. அவர்களை யார் கேட்டார்கள்?

உங்கள் ரசிகர்களையும் பாராட்ட வேண்டும். ஆர்யவர்த்தாவைப் பார்த்து "ஐயோ, நாடு இப்படி ஆகிவிடுமோ!" என்று பதறியவர்தான், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவனிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று விசாரிக்கிறார். திரையில் சுவர் வந்தால் பாசிசம். சொந்தத் தெருவில் எழுந்தால் பாதுகாப்பு.

ஸ்பான்சருக்கும் அலைய வேண்டாம். தொகுதிக்குத் தொகுதி சாதியை எண்ணிவிட்டு வேட்பாளரை நிறுத்தும் கட்சிகள் இருக்கின்றன. தயாரிப்புச் செலவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஒரே நிபந்தனை. 'கதையும் பாத்திரங்களும் கற்பனையே' என்று கார்டு போடக் கூடாது. போட்டே ஆக வேண்டுமென்றால், முதலில் நடூருக்குப் போய் அந்த 17 பேரின் வீட்டார் முன்னால் அதை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு வந்து போடுங்கள்.