பூனைக்கு வயது சொல்பவர்

பூனைக்கு வயது சொல்பவர் அடுக்ககத்துக்கு ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் தரைத்தளத்துக்காரர், பணி ஓய்வு பெற்றவர், சொந்தமாகப் பூனை வளர்க்காதவர். இந்தக் கடைசித் தகுதிதான் முக்கியம். வளர்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கார்த்திகை மழையில் வண்டி நிறுத்துமிடத்தில் ஒதுங்கிய பூனையை யாரோ ஒரு பெண் அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு வருவதற்குள் இவர் அங்கே நிற்பார். குனிவார். காதைத் தடவுவார். காதுக்கும் வயதுக்கும் என்ன தொடர்பு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. "எட்டு மாசம்மா. பங்குனியில பொறந்தது" என்பார். நட்சத்திரத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்.

இவருடைய முதல் அளவுகோல் உருவம். குட்டிகளிடம் அது ஓரளவு செல்லும். பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும் குட்டி, நான்கைந்து மாதம் வரை மாதத்துக்கு அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடும். அதற்குப் பிறகு எடை வயதைச் சொல்லாது, சாப்பாட்டைத்தான் சொல்லும். மீன்கடை வாசலில் வளர்ந்த எட்டு மாதப் பூனையும், குப்பைத்தொட்டியை நம்பிய நான்கு வயதுப் பூனையும் ஒரே அளவில் இருக்கலாம். இரண்டுக்கும் இவர் கணக்கில் எட்டு மாதம்தான்.

அடுத்தது கண். நீலக்கண்ணோடு ஒரு குட்டி வந்தால் குரலைத் தாழ்த்தி, "ஃபாரின் ஜாதி" என்பார். எல்லாக் குட்டிக்கும் ஆறேழு வாரம் வரை கண் நீலம்தான். பிறகே உரிய நிறம் ஏறும். கண் மஞ்சளாகத் தொடங்கியதும், "பாலை மாத்திட்டியாம்மா?" என்று விசாரிப்பார்.

உண்மையான சாட்சி வாய்க்குள் இருக்கிறது. அங்கே இவர் கை வைப்பதில்லை. அந்த மட்டில் விவேகம் உண்டு. குட்டிக்குப் பால்பல் 26. நான்கு மாத வாக்கில் அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்தில் 30 நிலைப்பற்கள் வந்துவிடும். அதுவரை கால்நடை மருத்துவர் வாரக்கணக்கில்கூட வயது சொல்வார். பிறகுதான் சங்கடம். பல் வெள்ளையாக இருந்தால் ஒரு வயதை ஒட்டி இருக்கலாம்; கடைவாயில் மஞ்சள் காரை படிந்தால் இரண்டு; எல்லாப் பல்லிலும் படிந்தால் மூன்றுக்கு மேல். ஈறுநோய் வந்த இளம் பூனை இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். பத்து வயதை நெருங்கும்போது கண்வில்லையில் மங்கல் தெரியலாம். ஆகவே நல்ல மருத்துவர், "மூணுலேருந்து அஞ்சுக்குள்ள இருக்கலாம்" என்பார். அடுக்ககம் இதைக் கேட்டு, டாக்டருக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டும்.

மனித வயதாக்கிச் சொல்வதிலும் இவருக்குத் தயக்கமில்லை: ஏழால் பெருக்குவார். மருத்துவர்கள் வழக்கமாகக் காட்டும் அட்டவணையில் முதல் ஆண்டுக்கு 15, இரண்டாம் ஆண்டு முடிவில் 24, அதன்பின் ஆண்டுக்கு நான்கு. டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் 1967இல் பிறந்து 2005இல் இறந்த கிரீம் பஃப் என்ற பூனை, 38 ஆண்டு வாழ்ந்து கின்னஸ் சாதனை படைத்தது. அட்டவணைப்படி அதற்கு 168. இவர் கணக்கில் 266. கணக்கு உதைக்கிறதே என்றால், "அமெரிக்காக்காரன் பொறந்த தேதியை மாத்திக் குடுத்திருப்பான்" என்பார்.

எட்டு மாதப் பூனைக்கு மருத்துவர் நான்கு வயது சொல்லிவிட்டாலும் இவர் அசைய மாட்டார். "தெருவுல அடிபட்டதும்மா, வயசைக் கூட்டித்தான் காட்டும்." இவரை மறுத்துப் பயனில்லை, அதற்குத் தேவையும் இல்லை. ஆனால் தடுப்பூசி அட்டையில் மருத்துவர் சொன்ன வயதையே எழுதுங்கள், பக்கத்தில் 'உத்தேசம்' என்றும் சேர்த்து. வயதான பூனைகளுக்குச் சிறுநீரக நோய் அதிகம். ரத்தப் பரிசோதனையை எப்போது தொடங்குவது என்பதை அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.