தொக்கு நிற்கும் பூச்சு

‘தண்ணீர்க்குடம்’ என்பது நம் இலக்கண ஆசிரியர்கள் அலுக்காமல் சுமந்துவந்த எடுத்துக்காட்டு. தண்ணீரை உடைய குடம் என்று அதை விரித்துக்கொள்ள வேண்டும். ‘ஐ’ என்னும் உருபைக் காணோம், ‘உடைய’ என்னும் பயனையும் காணோம்; ஆனால் குடத்திலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. இதற்கு ‘உருபும் பயனும் உடன்தொக்க தொகை’ என்று பெயர் வைத்தவர்கள், பிளாஸ்டிக் மாடலுக்குக் கிளியர் கோட் அடிப்பவர்களைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் குடத்தை இறக்கி வைத்துவிட்டு விமானத்தை ஏற்றியிருப்பார்கள். டீக்கால் ஒட்டிய மாடலின் மேல் நிறமற்ற பூச்சு எதற்கு என்ற வினாவுக்கு, பளபளப்புக்காக என்பாரும் பாதுகாப்புக்காக என்பாரும் உளர். இரண்டும் உண்மை, இரண்டும் பக்கவிளைவு. ஒட்டியது ஒட்டியதாகத் தெரியக்கூடாது, அதை மறைக்கப் பூசியதும் பூசியதாகத் தெரியக்கூடாது என்பதே அதன் முழு நோக்கம் என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

வழக்கின் பிரதிவாதி டீக்கால். ஏர்ஃபிக்ஸ் 1953-இல் வெளியிட்ட 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் முதல், ஜப்பானின் ஷிசுவோகாவிலிருந்து இன்று வரும் டாமியா பெட்டிகள் வரை, பிளாஸ்டிக் பாகங்களுக்கு நடுவே ஒரு தாள் படுத்திருக்கும். தாளின் மேல் தண்ணீரில் கரையும் பசை, பசையின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய படலம், படலத்தின் மேல் அச்சிட்ட வட்டமும் எழுத்தும் எண்ணும். அரை நிமிடம் நீரில் நனைத்தால் பசை இளகும், படலம் தாளை விட்டு நழுவும், மாடலின் மேல் இழுத்து நிறுத்தலாம். குற்றம் இங்கேதான் நடக்கிறது. மை முடிந்த இடத்தில் படலம் முடிவதில்லை. ஒரு மயிரிழை தள்ளிப் போய்த்தான் நிற்கிறது. அசல் ஸ்பிட்ஃபயரின் இறக்கையில் இருந்த சிவப்பு நீல வட்டம் பெயின்ட். அதைச் சுற்றி எந்தப் படலமும் இருந்ததில்லை. ஆகவே மாடலில் உள்ள எல்லாவற்றுக்கும் அசலில் ஓர் இணை உண்டு, இந்த விளிம்பு ஒன்றைத் தவிர. விளிம்பு பொடியானதுதானே என்று விட்டுவிடவும் கணக்கு அனுமதிப்பதில்லை. படலத்தின் கனத்தைத் தாராளமாகக் குறைத்து 0.01 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 72-ஆல் பெருக்கினால் 0.72 மில்லிமீட்டர். ஏ.டி.எம். கார்டின் கனம் 0.76. இறக்கை நெடுக ஏ.டி.எம். கார்டுகளை ஒட்டிக்கொண்டு பிரிட்டனைக் காக்கப் புறப்பட்ட போர்விமானம் எதுவும் வரலாற்றில் இல்லை.

விளிம்பைவிடப் பெரிய துரோகி காற்று. போர்விமானங்களின் நிறம் பெரும்பாலும் மேட். மேட் என்பது நிறத்தின் குணமன்று, மேற்பரப்பின் கரடு. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் ஒளியைத் திசைக்கொன்றாகச் சிதறடிப்பதால்தான் அது மங்கித் தெரிகிறது. அந்தக் கரட்டின் மேல் டீக்காலை விரித்தால் படலம் மேடுகளின் உச்சியில் மட்டும் உட்கார்ந்து, பள்ளங்களில் காற்றை அடைத்துவிடும். படலத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, காற்றினுடையது 1. இவை இரண்டும் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பிவிடும். ஆயிரக்கணக்கான குட்டிக் குமிழிகள் இப்படி ஆளுக்கு நான்கு பங்கு திருப்பியனுப்பினால், எழுத்தைச் சுற்றி வெள்ளி பூத்துவிடும். மாடல்காரர்கள் இதை ‘சில்வரிங்’ என்பார்கள். வெள்ளி என்ற சொல்லை இவ்வளவு துக்கத்தோடு உச்சரிப்பவர்கள் நகைக்கடையில்கூட இருக்க மாட்டார்கள். மருந்து எளிது: டீக்காலுக்கு முன்பே ஒரு பளபளப்பான கிளியர் கோட். அது பள்ளங்களை நிரப்பிவிடும், காற்றுக்கு இடமிராது. பிறகு மைக்ரோ சால், மிஸ்டர் மார்க் சாஃப்டர் போன்ற இளக்கித் திரவம் ஒரு சொட்டு. அது பட்டதும் படலம் கிழவியின் கன்னம் போலச் சுருங்கும். அந்த நேரத்தில் உதவிக்கு விரலை நீட்டுகிறவர்கள்தான் டீக்காலைக் கிழிக்கிறார்கள். சும்மா விட்டால் தானே படிந்து, உலோகத் தகடுகளின் இணைப்புக் கோடுகளுக்குள்ளும் இறங்கிக்கொள்ளும். அதற்கு மேல் இன்னொரு பளபளப்புப் பூச்சு, கடைசியாக மேட் பூச்சு. மேட் பூச்சில் பளபளப்பை அடக்குவது பெரும்பாலும் சிலிக்காத் துகள். முதலில் பாடுபட்டு நிரப்பிய கரட்டை, அதாவது, புட்டியில் காசு கொடுத்து வாங்கித் திரும்பவும் தூவுகிறோம்.

அற்றேல், மேட்டில் தொடங்கி மேட்டில் முடிந்த பயணத்தில் கிடைத்தது சுழியம்தானே எனின், அற்றன்று. கூட்டிக் கழித்தால் சுழியம் வருவது உண்மை. ஆனால் பளபளப்பும் மேட்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்த இடைவெளியில் ஓர் எழுத்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. போன வழியும் அடைபட்டுவிட்டது. தண்ணீர்க்குடத்தில் நடந்ததும் இதுவே: உருபு வேலையை முடித்துவிட்டுக் கிளம்பியது, பயனும் உடன் கிளம்பியது, தண்ணீர் மட்டும் குடத்தில் நின்றது. முதல் பூச்சை உருபு என்றும் இரண்டாவதைப் பயன் என்றும் கொள்க. பூச்சு ஒன்று இப்படி அடக்கமாக நடந்துகொள்வதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல சான்று இருந்தது. ‘ஃபியூச்சர்’ என்பது தரை மெழுகும் அக்ரிலிக் பாலிஷ். பிரிட்டனில் அதற்கு இணையானது ‘க்ளியர்’. மாடல்காரர்கள் அதைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றினார்கள். விமானி அறையின் பிளாஸ்டிக் மூடியை அதில் முக்கியெடுத்தால் கீறல்கள் நிரம்பி, பூசாததைவிடப் பூசியதே தெளிவாகத் தெரியும். பூசினால் குறையும் பூச்சு என்று இதைச் சொல்லலாம். பெயர் மாறி மாறி விற்ற அந்தப் பாலிஷ் கடைசியில் கடைகளிலிருந்தே மறைந்துபோனது. எதிர்காலம் இறந்தகாலமானதற்கு இலக்கணத்தில் விதி கிடையாது.

கனம்தான் குற்றமென்றால், அதன் மேல் இன்னும் கனத்தை ஏற்றுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்பார்கள். கேள்வி கூர்மையானது. மூன்று சுற்றுக் கிளியர் கோட் சேர்ந்து 0.03 மில்லிமீட்டர் வந்தால், அசல் அளவில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். ஆனால் கண் கனத்தை அளப்பதில்லை, கன வேறுபாட்டை அளக்கிறது. வீட்டின் தரை முழுக்க ஓர் அடி உயர்ந்தால் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள். ஒரு மூலையில் அரை அங்குலம் உயர்ந்தால் எல்லோரும் விழுவார்கள். படலத்தைச் சுற்றியுள்ள நிலத்தையும் படலத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் படி மறைந்துவிடும். கார் மாடல்காரர்கள் இதை இன்னும் கடுமையாகச் செய்கிறார்கள்: பல சுற்று அடித்து, காயவைத்து, 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, டீக்கால் இருக்குமிடத்தை விரலே கண்டுபிடிக்க முடியாதபடி ஆக்கிவிடுவார்கள். இதில் விமானத்தின் இணைப்புக் கோடுகள் தூர்ந்துபோகுமே என்பது அடுத்த ஆட்சேபம். 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள கோடு அசல் அளவில் 7 மில்லிமீட்டர் இடுக்கு. பென்சில் நுழையும் இடுக்கு அது. கொஞ்சம் தூர்ந்தால் அசலுக்குப் பக்கத்தில்தான் போகும். இதை மாடல்காரர்கள் சங்கத்தில் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

படலமே வேண்டாம், அட்டை வெட்டி மறைத்து அசலைப்போலப் பெயின்ட்டே அடித்துவிடலாம் என்ற கட்சியும் உண்டு. வட்டங்களைப் பொறுத்தவரை இக்கட்சி வெல்கிறது என்றே சொல்ல வேண்டும். ஆனால் போர்விமானத்தின் உடலெங்கும் ‘இங்கே மிதிக்காதே’ என்பது போன்ற பொடி எழுத்து எச்சரிக்கைகள் உண்டு. அசலில் 25 மில்லிமீட்டர் உயர எழுத்து, 1/72-இல் 0.35 மில்லிமீட்டர். அதற்கு அட்டை வெட்டக்கூடிய கை இன்னும் பிறக்கவில்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள படலத்தை வெட்டியெடுக்கவும் முடியாது. வெள்ளி பூப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பந்தயக் கார்களில் அசலிலேயே ஸ்டிக்கர்தானே என்று 1/20 அளவு டாமியா ஃபார்முலா 1 காரைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கும் கணக்கே பதில்: நம் 0.01 அங்கே 0.2 ஆகும், அசல் வினைல் ஸ்டிக்கரோ பசையோடு சேர்த்துச் சுமார் 0.1. உண்மையிலேயே ஸ்டிக்கராக இருந்தும் இரட்டிப்புப் பொய். அசலே இல்லாத மாடல்களுக்கு எதை அளவாகக் கொள்வது என்பதுதான் கொஞ்சம் திணறவைக்கும் கேள்வி. பண்டாய் 1980-இல் விற்கத் தொடங்கிய குண்டம் இயந்திர மனிதனை யாரும் நேரில் கண்டதில்லை. 18 மீட்டர் உயரமென்பது கதை, 1/144-இல் 12.5 சென்டிமீட்டர் என்பது பெட்டி. ஆனால் 2009-இல் தோக்கியோவின் ஒடைபாவில் 18 மீட்டர் குண்டமை நிறுத்திவிட்டார்கள். நகலுக்குப் பின் 29 ஆண்டு தாமதித்துப் பிறந்த அசல் என்ற வகையில் அதைத் தனிக் கட்டுரையாக எழுத வேண்டும்.

கெடுவதற்கான வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லாக்கர் வகைக் கிளியரைச் சொதசொதவென்று அடித்தால் அதன் கரைப்பான் டீக்காலையே கடித்துச் சுருட்டிவிடும். ஆகையால் முதல் சுற்று பனித்தூறல் போல, தொட்டும் தொடாமலும். ஈரக்காற்று அதிகமான நாளில் அடித்தால் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் நீர் அதில் படிந்து வெண்மை பூக்கும். இதில் ஷிசுவோகாவின் ஜூன் மழைக்கும் சென்னையின் ஐப்பசிக்கும் பேதமில்லை. இரண்டு புட்டிகளைக் கலந்து அடிக்கும் யூரித்தேன் கிளியரில் ஐசோசயனேட் இருப்பதால் முகத்தில் தகுந்த சுவாசக் கவசம் வேண்டும். வெறும் துணி மாஸ்க் போதாது.

கடைசி ஆட்சேபம் தத்துவ வகையைச் சேர்ந்தது. தெரியாதிருப்பதே வெற்றி என்றால், பூசியவரையும் பூசாதவரையும் எப்படிப் பிரித்தறிவது? இதற்குப் பிரிட்டனில் 1963-இல் தொடங்கிய ஐ.பி.எம்.எஸ். என்னும் மாடல்காரர் சங்கத்தின் போட்டி மேசைகளில் ஒரு நடைமுறை உண்டு. நடுவர் குனிந்து, சின்ன டார்ச் ஒன்றை இறக்கைக்குக் கிடையாகச் சாய்த்துப் பிடிப்பார். பூசாதவரின் டீக்காலைச் சுற்றி ஒரு வெள்ளி வளையம் மின்னும். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதுவார். பூசியவரின் இறக்கையில் ஒளி வந்த வழியே வழுக்கிப் போகும். இன்னொரு கோணத்தில் சாய்த்துப் பார்ப்பார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்ப்பார், பிறகு எதுவும் எழுதாமல் டார்ச்சை அணைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வார்.