எல்லாருக்கும் ஒரே கதவிலக்கம்

சில்லுகள் பேசிக்கொள்ள 1982-ல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய ஐ2சி தடத்துக்கு இரண்டே கம்பி: ஒன்றில் தரவு, மற்றொன்றில் தாளம். சிக்கனத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஏழு பிட் முகவரியில் ஒதுக்கீடு போக 112 வீடுகள். அதில் எல்எம்75 வெப்ப உணரிக்கு வாய்த்தவை எட்டு. இந்த உணரி பொருத்திய ஒரே மாதிரி அட்டைகளை ஒரு பெட்டியில் செருகினால் எல்லாருக்கும் ஒரே கதவிலக்கம். கூப்பிட்டால் கோரஸாகப் பதில் வரும். ஒன்று 40 டிகிரி, இன்னொன்று 50 என்றால், கம்பியில் ஒவ்வொரு பிட்டிலும் பூஜ்யமே ஜெயிக்கும் என்பதால் லினக்ஸுக்குக் கேட்பது 32. செலவில்லாமல் பெட்டி குளிர்ந்துவிட்டது. இதைக் கோளாறு என்பவர்கள் நன்றி கெட்டவர்கள்.

அவர்கள் வாயை அடைக்கத்தான் மல்டிபிளெக்சர். பிசிஏ9548 ஒரு தடத்தை எட்டுக் கிளையாக்கும்; லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித் தட எண் தந்து கௌரவிக்கும். அட்டைக்கு ஒரு ஜம்பர் வைத்து முகவரியை மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். போதும்தான், ஆனால் ஜம்பருக்கு டிரைவர் எழுத முடியுமா? மல்டிபிளெக்சருக்கும் எட்டு முகவரி உண்டு. எட்டை எட்டால் பெருக்கினால் 64 தடம். ஒரு பெட்டியின் சூடு பார்க்க இதுகூட இல்லாவிட்டால் எப்படி?

திறந்த கிளையில் ஏதோ ஒரு சில்லு தரவுக் கம்பியைப் பூஜ்யத்தில் பிடித்துக்கொண்டு உறைந்தால்? கவலையே இல்லை, அந்தக் கிளையை மூடச் சொன்னால் போதும். அந்த உத்தரவு போக வேண்டியது அதே கம்பி வழியாக. மல்டிபிளெக்சருக்கு ரீசெட் கால் தனியாக உண்டு. அதைத்தான் சிக்கனம் கருதி மின்வழங்கலோடு நிரந்தரமாகக் கட்டியாயிற்று.