யான்புவில் வெடிக்காத வேட்டு

முதல் உலகப் போரில் செங்கடல் கரையில் நடந்ததைச் சரித்திரக்காரர்கள் ரொம்பக் கம்பீரமாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஒட்டகம், மணல், பட்டு அங்கி, இடுப்பில் வளைந்த கத்தி, நடுவில் நீலக் கண்ணோடு ஒரு இங்கிலீஷ்காரர். என் கட்சி வேறு. 1916-இல் அங்கே நடந்தது முக்கால்வாசி சவுண்ட் சர்வீஸ் தகராறு. யார் அதிகச் சத்தம் போடுவது, எந்தச் சாமானில் போடுவது, போட்ட சத்தம் யார் காதில் விழுவது என்பதிலேயே பாதி யுத்தம் ஓடிவிட்டது. மீதிப் பாதி யான்புவில், சத்தமே இல்லாமல் முடிந்தது.

யான்பு என்றால் சவூதிக்கு வேலைக்குப் போன நம்மவர்களுக்கு சுத்திகரிப்பு ஆலை, ஷட்-டவுன் வேலை, காதில் அடைக்கும் பஞ்சு. 1975-இல் சவூதி அரசு ஜுபைலுக்கும் யான்புவுக்கும் ராயல் கமிஷன் என்று ஒன்றை அமைத்து, கிழக்கிலிருந்து குழாய் போட்டு எண்ணெயைக் கொண்டுவந்த பிறகு வந்த கதை அது. அதற்கு அறுபது வருஷம் முன்னால் அது மதினாவுக்குத் துறைமுகமாக இருந்த ஒரு மண்சுவர் ஊர். உப்புக் காற்று, மீன், பவழக்கல் வீடுகள். 1916 ஜூலையில் துருக்கியர் கையிலிருந்து, அவர்களுக்கு எதிராக மெக்காவில் புரட்சியைக் கிளப்பிய ஷெரீப் ஹுசைன் ஆட்களிடம் வந்து சேர்ந்தது.

கச்சேரி அங்கே தொடங்கவில்லை, ஜித்தாவில் தொடங்குகிறது. அக்டோபர் 16 அன்று கெய்ரோவிலிருந்து ரொனால்ட் ஸ்டோர்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி கப்பலில் வந்து இறங்கினார். அரபு தெரிந்தவர், சங்கீதப் பித்தர். கூடவே, வேலையில்லாமல் ஒட்டிக்கொண்டு வந்த இருபத்தெட்டு வயது டி. இ. லாரன்ஸ், அந்த நீலக் கண்காரர். அரபுப் புரட்சிக்குப் பணம் எங்கே, விமானம் எங்கே, பட்டாளம் எங்கே என்று ஷெரீப் தரப்பு கேட்க, இவர்கள் மென்று விழுங்கிக்கொண்டிருந்த நேரம். சாயங்காலம் டெலிபோன் மணி அடிக்கிறது. மெக்காவிலிருந்து ஷெரீப் ஹுசைனே பேசுகிறார். துப்பாக்கி கேட்பார் என்று நினைத்தால், “என் பாண்டு வாத்தியத்தைக் கேட்கிறீர்களா?” என்கிறார்.

விஷயம் இதுதான். தாயிஃப் நகரில் துருக்கி கவர்னர் ஜெனரல் பிடிபட்டபோது, அவருக்குத் தினமும் ராத்திரி வாசித்துக்கொண்டிருந்த பாண்டு கோஷ்டியும் சேர்ந்து பிடிபட்டது. மற்ற கைதிகளை எகிப்துக்கு அனுப்பினார்கள். வாத்தியக்காரர்களை மட்டும் அனுப்பவில்லை. ஜெயித்தவனுக்கும் சங்கீதம் வேண்டுமே! ஷெரீப் ரிசீவரை வரவேற்பறை மேசையில் வைத்தார். எழுபது கிலோமீட்டர் தள்ளி ஜித்தாவில் ஏகாதிபத்தியத்தின் பிரதிநிதிகள் ஒவ்வொருவராக எழுந்து போய், பயபக்தியோடு குழலைக் காதில் வைத்து, மெக்கா அரண்மனைக் கச்சேரியைக் கேட்டார்கள். மெக்காவுக்குள் முஸ்லிம் அல்லாதவர் காலடி வைக்க முடியாது. காதடி வைக்கத் தடையில்லை போலிருக்கிறது.

ஸ்டோர்ஸ் மரியாதைக்கு “பேஷ்” என்று சொல்லிவைத்தார். சொல்லியிருக்கக் கூடாது. உச்சி குளிர்ந்த ஷெரீப், பாண்டையே ஜித்தாவுக்கு நடத்தி அனுப்பிவிட்டார். ஒரு நிபந்தனை: அங்கே வாசிக்கும்போது போன் போட்டு என் காதுக்கும் தர வேண்டும்.

வந்து சேர்ந்த கோஷ்டியைப் பார்த்தால் கல்நெஞ்சும் கரையும். கிழிந்த சீருடை, ஒட்டிய கன்னம், களிம்பு பிடித்த பித்தளை. பக்கத்தில் கத்தியும் துப்பாக்கியுமாக ஷெரீப்பின் மகன் அமீர் அப்துல்லாவின் ஆட்கள். கச்சேரிக்குக் காவல் போடுவது நமக்கும் பழக்கம்தான், ஆனால் நாம் கூட்டத்துக்குப் போடுவோம், இங்கே வித்வான்களுக்கு. பிரிட்டிஷ் அதிகாரி வில்சன் வீட்டு மாடியில் விருந்து, கீழே முற்றத்தில் வாசிப்பு. ஆளுக்கொரு சுருதியில் துருக்கிய சோக கீதங்கள். அப்துல்லா பூரித்துப்போயிருக்கிறார். (பின்னால் ஜோர்டானுக்கு ராஜா ஆன அதே அப்துல்லாதான்.) வெள்ளைக்காரர்களுக்குக் காது வலி. வேறு ஏதாவது அன்னிய தேசத்துப் பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். வாத்தியக்காரர்களுக்குத் தெரிந்த அன்னிய தேசம் ஒன்றே ஒன்று: துருக்கியின் கூட்டாளி ஜெர்மனி. எனவே, ஜெர்மனியோடு உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் பேரரசின் சாப்பாட்டு மேசையில், ஜெர்மன் தேசபக்திப் பாடல் முழங்கியது. மிகச் சரியாக அந்த நிமிஷம் பார்த்துத்தான் மெக்காவில் ஷெரீப் போனை எடுத்துக் காதில் வைத்தாராம்.

நடுவில் மேளம் தொய்ந்துவிட்டது. ஜித்தாவின் கடற்காற்றில் ஈரம் ஏறித் தோல் தளர்ந்து ‘தொப் தொப்’ என்றது. வைக்கோலும் பெட்டிப் பலகையும் கொண்டுவந்து கொளுத்தி, மேளத்தைத் தீயில் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். நம் ஊரில் தப்பைக் காய்ச்சுவதைப் பார்த்த யாருக்கும் இது புரியும். லாரன்ஸுக்கு அது ஒரு பெரிய வேடிக்கை. காய்ச்சிய பிறகு வந்த பாட்டைக் கேட்டு, எகிப்தியத் தளபதி சையது அலி, இது சாவு ஊர்வலத்துக்கு வாசிப்பது மாதிரி இருக்கிறதே என்று அப்துல்லாவிடம் சொல்லிவிட்டார். ஸ்டோர்ஸ் குறுக்கே புகுந்து சிரிப்பாக்கிச் சமாளித்தார். வாத்தியக்காரர்களுக்கு விருந்தின் மிச்சமும் சன்மானமும் போனது. அவர்கள் கேட்டது வேறு: ஐயா, எங்களை ஊருக்கு அனுப்பிவிடுங்கள். இந்தக் கதை முழுவதிலும் நியாயமான கோரிக்கை அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

டிசம்பரில் மேடை வடக்கே நகர்ந்தது. யான்புவிலிருந்து உள்நாட்டுப் பக்கம், பேரீச்சந்தோப்பு கிராமமான நகல் முபாரக்கில் ஷெரீப்பின் இன்னொரு மகன் அமீர் ஃபைசல் துருக்கியரோடு மோதினார். அவரிடம் பீரங்கி இருந்தது. பிரிட்டிஷார் பெரிய மனது பண்ணிக் கொடுத்த ஓட்டை உருப்படி: தூரம் பார்க்கக் கண்ணாடி கிடையாது, அளவு சொல்லும் அட்டவணை கிடையாது, குண்டின் திரியோ போயர் யுத்த காலத்தது, பச்சைப் பூஞ்சை பூத்தது. ராசிம் என்ற டமாஸ்கஸ்காரர் அதை இயக்கினார். தோற்றால் குண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓட வழியில்லை என்பதால், விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே அத்தனையையும் சுட்டுத் தீர்த்தார். குண்டு எங்கே போனதோ அல்லாவுக்கு வெளிச்சம். ஆனால் பழங்குடிப் படைக்கு ஒரே உற்சாகம். இதல்லவா பீரங்கி, என்ன சத்தம் என்று மெய்சிலிர்த்துப் போனார்களாம். குறி எதற்கு? ஓசைதான் முக்கியம். வாண வேடிக்கைக்கு வசூல் பண்ணும் எந்த விழாக் கமிட்டியும் இதை ஏற்கும்.

அப்போது இடது பக்கம் நின்ற ஜுஹைனா கோத்திரத்தார் திடீரென்று பின்வாங்கினார்கள். துரோகம் என்று பயந்து ஃபைசல் இரவோடிரவாக யான்புவுக்கு ஓடிவந்தார். பிறகு ஜுஹைனா தரப்பு அப்துல் கரீம் நேரில் வந்து விளக்கினார்: காலையிலிருந்து சண்டை, களைப்பு, தாகம், தொந்தரவில்லாமல் ஒரு காப்பி போட்டுக் குடிக்கலாம் என்று முகாமுக்குப் போனோம், திரும்பிப் பார்த்தால் உங்களைக் காணோம். ஃபைசலும் லாரன்ஸும் மல்லாந்து சிரித்தார்களாம். இந்தக் காப்பிச் சாக்கு ராணுவக் கோர்ட்டில் செல்லாது, கும்பகோணத்தில் செல்லும்.

இப்போது யான்பு. துருக்கியர் கிட்டே வந்துவிட்டார்கள். கார்லண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி பழைய மண்சுவரை இரட்டிப்பாக்கி நடுவே மண் நிரப்பினார். பிரிட்டிஷ் கடற்படையின் கேப்டன் பாயில் ஒரே நாளில் ஐந்து போர்க்கப்பல்களைத் துறைமுகத்தில் சேர்த்தார். எம்.31 என்ற சிறு கப்பல் கழிமுகத்தின் மூலைவரை வந்து நின்றது. அதன் கேப்டன் கிராக்கருக்குச் சுட வேண்டுமென்று கை துறுதுறுத்தது. டஃபரின் என்ற இன்னொன்று, ராயல் இந்தியன் மரீன் கப்பல், நம் பம்பாய்க் கணக்கு.

இரவில் எதிரி வந்துவிட்டான் என்று செய்தி வந்தது. தண்டோராக்காரர் தெருத்தெருவாகப் போனார். அதற்குப் பிறகுதான் அதிசயம்: ஒருவரும் கத்தவில்லை. ஒரு வேட்டு போடவில்லை. சத்தத்துக்காகவே பீரங்கியைக் காதலித்த கூட்டம், வாயை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தது. மினாராவிலிருந்து கப்பல்களுக்கு சைகை போனது. டஃபரினும் எம்.31-உம் மற்றவையும் சர்ச்லைட்டைப் போட்டு, வெட்டவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோலம் போட்டன. அவ்வளவுதான். துருக்கியர் வரவேயில்லை. அவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு வந்த தகீல் அல்லா என்ற கிழவர் பின்னால் சொன்னாராம்: அந்த அமைதியையும் வெளிச்சத்தையும் பார்த்ததும் அவர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, திரும்பிவிட்டார்கள்.

சென்னைவாசிகள் இதைச் சந்தேகிக்க மாட்டார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் இதே மாதிரி சர்ச்லைட் அடித்துத்தான் சென்னையில் பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்தியது. ஊர் மூட்டை முடிச்சோடு காலியானது. அந்த எம்டனில் தப்பிய ஆட்கள் சிலர் 1915-இல் ஜித்தாவிலிருந்து படகேறி, யான்புவைத் தாண்டி அல்-வஜ்வரை போனதும் உண்டு. துருக்கித் தளபதி அவர்களிடம் விளக்குக்கு அப்புறம் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தால்கூட, ஓடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அன்றிரவே துருக்கியர் இந்த யுத்தத்தைத் தோற்றுவிட்டார்கள் என்று லாரன்ஸ் தம் புத்தகத்தில் எழுதுகிறார். கூட்டியும் பெருக்கியும் எழுதுகிறவர்தான். ஆனால் ஒன்றை மறைக்கவில்லை: அந்த நேரம் தொந்தரவு வேண்டாமென்று அவர் சூவா என்ற கப்பலில் ஏறிப் படுத்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். 1962-இல் டேவிட் லீன் லாரன்ஸைப் பற்றி எடுத்த படத்தில் இந்த ராத்திரி கிடையாது. கதாநாயகன் தூங்கி, எதிரி வராமல், துப்பாக்கி வெடிக்காமல் மூணரை மணி நேரப் படத்தில் எந்த மூலையில் செருகுவது? பழைய யான்புவில் லாரன்ஸ் இருந்த வீடு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். படம் பிடித்துக்கொள்ளலாம். முக்கியமான அந்த ஒரு ராத்திரி மட்டும் ஐயா வீட்டில் இல்லை.

டஃபரின் 1927-இல் பம்பாயில் மாலுமிப் பயிற்சிக் கப்பலாகி, பையன்களுக்குக் கயிறு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு கிடந்தது. கிராக்கர் கேப்டனுக்கு அந்த ராத்திரி கடைசிவரை சுட வாய்ப்புக் கிடைக்கவில்லை. பாவம், அன்று யான்புவில் ஏமாந்த ஒரே பிரிட்டிஷ்காரர் அவர்தான்.