மண்டகப்படி ஸ்காலர்

மதுரையில் ஸ்காலர் என்றோர் இனம் உண்டு. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு, பட்டம் வருவதற்குள் தலைமுடி போய்க்கொண்டிருக்கும் மனிதர்கள். பஸ் கண்டக்டரிடம் இவர் மாணவர். பெண் பார்க்கப் போன வீட்டில் ஆராய்ச்சியாளர். நண்பர்களோடு சாப்பிட்டு முடித்து பில் மேஜைக்கு வரும்போது மறுபடியும் மாணவர். தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டிப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கியபடி இவரை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். ஆனால் இவரது விசுவரூபத்தைக் காண வேண்டுமானால் சித்திரை மாதம்தான் வரவேண்டும்.

மீனாட்சியம்மன் கோயிலில் கொடி ஏறிய அன்று ராத்திரியே ஸ்காலரின் போன் அலற ஆரம்பிக்கும்.

"மாப்ள, அழகர் என்னைக்குடா எறங்குறாரு?"

"சித்ரா பௌர்ணமிக்குத்தான்டா. வருஷா வருஷம் அன்னைக்குத்தான எறங்குறாரு."

"அது தெரியும்டா. கிழமை என்னன்னு சொல்லு, லீவு போடணும்."

கூடப் படித்தவர்கள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியவர் இவர் ஒருவர். ஆகவே இவர்தான் அவர்கள் அத்தனை பேருக்கும் மதுரைத் தூதரகம். தங்க அறை பார்க்க வேண்டும். சுற்றுவதற்கு இரண்டு பைக் கடன் வாங்க வேண்டும். தேர் பார்க்க மாசி வீதியில் யார் வீட்டு மொட்டை மாடியாவது பிடிக்க வேண்டும். தயங்கினால் எதிர்முனையிலிருந்து ஒரு வாக்கியம் வரும். அதற்கு ஸ்காலரிடம் இதுவரை பதில் இல்லை.

"நீ சும்மாத்தானடா இருக்க?"

சும்மா இருக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது? சாயப்பட்டறைக் கழிவுநீரிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுக்கும் நானோ துகளைப் பற்றி இவர் ஆய்வு செய்கிறார். ஐந்து வருஷமாகத் துகள் பிரிக்க மறுக்கிறது. இதைப் போனில் சொன்னால், "சரி விடு மாப்ள, வந்து பேசிக்கலாம்" என்பார்கள். வந்த பிறகு பேச மாட்டார்கள்.

ஆனால் ஸ்காலர் பொறுப்பில்லாதவர் இல்லை. திருவிழா தொடங்குமுன் கால அட்டவணை போடுவார். காலை ஆறு முதல் பத்து வரை நான்காம் அத்தியாயம். பத்து முதல் நான்கு வரை ஆய்வகம். மாலையில் சாமி, நண்பர்கள். அட்டவணைக்கு நாலு வண்ணப் பேனா பயன்படுத்தியிருப்பார். அந்த அட்டவணை போட்டதுதான் அவ்வருஷத்தில் அவர் முழுக் கவனத்தோடு செய்த வேலை. முதல் நாள் ராத்திரி வீதியுலா பார்த்து, விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்து, பனங்கற்கண்டுப் பால் குடித்து, பேசிக்கொண்டே நின்று ஒன்றரை மணிக்கு அறைக்கு வருவார். மறுநாள் காலை ஆறு மணி வரும், ஸ்காலர் வரமாட்டார்.

இதில் அவரை அதிகம் உறுத்துவது மீனாட்சிதான். எட்டாம் நாள் அம்மனுக்குப் பட்டாபிஷேகம், கையில் செங்கோல். ஒன்பதாம் நாள் திக்விஜயம், எட்டுத் திக்கையும் ஜெயித்தாகிவிட்டது. பத்தாம் நாள் திருக்கல்யாணம். உத்தியோகம், வெற்றி, இல்வாழ்க்கை மூன்றையும் மூன்றே நாளில் முடித்துக்கொண்டு, பதினோராம் நாள் தேரில் ஏறி ஊரைச் சுற்றி வருகிறாள். நம் ஸ்காலருக்கு மூன்றுமே நிலுவையில் இருக்கின்றன.

இதைச் சொல்லிக் காட்டவும் ஆள் உண்டு. திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து நடக்கும். ஊரே தன் வீட்டு விசேஷம்போல வந்து சாப்பிட்டு மொய் எழுதிவிட்டுப் போகும். ஸ்காலரும் நண்பர் படையோடு போய்ப் பந்தியில் உட்காருவார். எதிர் வரிசையில் தவறாமல் ஓர் அத்தை இருப்பார்.

"என்னப்பா, இன்னும் அதே படிப்புத்தானா?"

"முடியப் போகுது அத்தை."

"ஆத்தாளுக்கே வருஷா வருஷம் கல்யாணம் ஆகுது. உனக்கு எப்பப்பா?"

நண்பர்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். சிரிப்பை மறைக்க அதைவிட நல்ல இடம் பந்தியில் இல்லை.

திருக்கல்யாணத்துக்கு முந்தைய இரவு பதினொன்றரைக்கு கைடிடமிருந்து போன் வரும். திரையில் 'சார்' என்று தெரிந்ததும் ஸ்காலர் கூட்டத்திலிருந்து ஒதுங்கி, நாதசுரம் கேட்காத சந்தாகத் தேடி ஓடுவார். கோயிலைச் சுற்றி அந்த மாதத்தில் அப்படி ஒரு சந்து கிடையாது.

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"ரூம்ல சார். நாலாம் சாப்டர்தான் சார்."

"பின்னாடி மேளம் கேக்குதே?"

"பக்கத்து வீட்டு டிவி சார்."

"அது சரி. நாளைக்குத் திருக்கல்யாணத்துக்கு ரெண்டு பாஸ் கிடைக்குமா? சம்பந்தி வந்திருக்காங்க."

ஸ்காலருக்குப் போன உயிர் திரும்பி வரும். நான்காம் அத்தியாயம் பற்றிக் கேட்டிருந்தால்தான் ஆபத்து. பாஸ் வாங்குவது இவருக்குக் கைவந்த கலை. மதுரையில் எந்த அலுவலகத்தில் யாருக்கு எந்த மாமா என்பதில் இவருக்கு இருக்கும் அறிவை ஆய்வேடாக எழுதியிருந்தால் எப்போதோ பட்டம் வாங்கியிருப்பார்.

இவரிடம் தத்துவ பலமும் உண்டு. "திருவிழாவுல சுத்துறியே, ஆராய்ச்சி என்னாச்சு?" என்று யாராவது கேட்டால் உடனே தொ.பரமசிவனை எடுத்து முன்னே வைப்பார். "தொ.ப. அழகர் கோயிலைப் பத்தித்தான் பிஎச்.டி. பண்ணாரு. எங்க யுனிவர்சிட்டியே 1989இல் புத்தகமாப் போட்டுச்சு. திருவிழாவுக்குப் போகாம எழுதியிருப்பாருங்கறீங்களா? இதுக்குப் பேரு களப்பணி." கேட்டவர் அசந்துபோவார். தொ.ப. தமிழ் ஆய்வாளர், இவர் வேதியியல் என்பது வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்கு உறைக்கும். தொ.ப. போனது எழுதுவதற்காக, இவர் போவது எழுதாமல் இருப்பதற்காக என்ற சிறு வேறுபாட்டை ஸ்காலர் பெரிதுபடுத்துவதில்லை.

அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று இவர் தலைமையில் படை தல்லாகுளம் கிளம்பும். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு அழகர் மலையிலிருந்து கள்ளர் கோலத்தில் புறப்பட்டு வருகிறார். வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிட, கோபித்துக்கொண்டு ஆற்றில் இறங்கி வண்டியூர்ப் பக்கம் போய்விடுகிறார் என்பது ஊர்க்கதை. மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க வருகிறார் என்கிறது கோயில் மரபு. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு நகர்த்தி, இரண்டு திருவிழாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். மூன்றில் ஸ்காலருக்குப் பிடித்தது ஊர்க்கதைதான். பெருமாளே தாமதமாகிறார் அல்லவா?

அதுவும் ஏன் தாமதம்? இருபது கிலோமீட்டர் சுமாருள்ள வழி நெடுக மண்டகப்படி. ஒவ்வொரு மண்டபத்திலும் நின்று, உபசாரம் ஏற்று, தீபாராதனை கண்டுதான் அடுத்த மண்டபத்துக்கு நகர முடியும். அழைத்தவர் மனம் நோகக் கூடாது. ஸ்காலரின் ஆய்வும் இப்படித்தான் ஊர்வலம் போகிறது. ஹாஸ்டலிலிருந்து ஆய்வகம் பத்து நிமிஷ நடை. நடுவில் டீக்கடை ஒரு மண்டகப்படி. நூலக வாசலில் ஜூனியர் பிள்ளைகள் ஒரு மண்டகப்படி. ஆபீசில் ஃபெல்லோஷிப் வந்துவிட்டதா என்று விசாரிப்பது பெரிய மண்டகப்படி. அங்கே 'அடுத்த வாரம்' என்ற பிரசாதம் மட்டும் கிடைக்கும். ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்போது அதைப் பூட்டிக்கொண்டிருப்பார்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில் இந்தப் படைக்கு முன்வரிசை கிடைக்காது. சர்க்கரை நிரப்பிய சொம்பில் சூடம் ஏற்றிக்கொண்டு நிற்பவர்களுக்கும், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் நடுவே, தங்கக் குதிரையின் காது மட்டும் தெரியும். உடனே பட்டின் நிறம் பற்றி விவாதம் நடக்கும். பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. "பச்சைடா! இந்த வருஷம் நான் தீசிஸ் சப்மிட் பண்றேன்டா!" என்று ஸ்காலர் கத்துவார். பச்சைப் பட்டும் பல வருஷம் வந்துவிட்டது.

இந்த இனத்தில் பெண்களும் உண்டு. அவர்கள் கதையே வேறு. செல்லூரில் வாழ்க்கைப்பட்ட ஸ்காலரம்மா மண்டகப்படிக்கு எங்கும் போகவேண்டியதில்லை. மண்டகப்படி வீடு தேடி வரும். மாமியாரின் அக்கா குடும்பம், நாத்தனார் குடும்பம், அவர்கள் ஓரகத்தியின் பிள்ளைகள். ஆய்வுத் தரவு இருக்கும் லேப்டாப்பில் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கும். திருக்கல்யாணத்தன்று புதுக் கயிறு மாற்றிக்கொண்டு, இருபது பேருக்குப் பொங்கிவைத்து, 'படிச்ச பொண்ணு, சொன்னாப் புரிஞ்சுக்கும்' என்ற பாராட்டோடு பாத்திரமும் கழுவ வேண்டும். ஆய்வை முடிக்கப் பெண்களுக்கு இரண்டாண்டு கூடுதல் சலுகை உண்டு என்கிறது 2022இல் வந்த யுஜிசி விதி. வந்துபோகும் சொந்தக்காரர்களைக் கணக்கெடுத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள் போலும். ஆனால் அழகர் இறங்கும் ராத்திரி இரண்டு மணிக்கு வீடே ஆற்றுக்குக் கிளம்பிவிடும். "நீ வரலையாம்மா?" "தலை வலிக்குது அத்தை." கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை எழுதுவார். அழகர் ஆற்றில் கால் வைக்கும்போது இவர் ஓர் அத்தியாயத்தை முடித்திருப்பார். ஆண் ஸ்காலருக்குத் தலைவலி என்ற இந்த உத்தி இன்னும் தோன்றவில்லை.

திருவிழாதான் ஸ்காலரின் ஆய்வைக் கெடுத்தது என்பது ஊரார் தீர்ப்பு. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவால் அழகர் மதுரைக்கு வரவில்லை; மலைக் கோயிலுக்குள்ளேயே எல்லாம் நடந்து முடிந்தது. நண்பர்கள் வரவில்லை, அத்தை வரவில்லை, பாஸ் கேட்டு யாரும் கூப்பிடவில்லை. ஸ்காலரும் அறையும் லேப்டாப்பும் மட்டும். ஆய்வகம் பூட்டிக் கிடந்தாலும் எழுதத் தடை எது? ஆய்வு முறையியலில் இதைத்தான் கன்ட்ரோல் எக்ஸ்பெரிமென்ட் என்பார்கள். முடிவு: ஒரு பக்கம் நகரவில்லை. அந்த இரண்டு ஆண்டும் அவர் அனுப்பிய ஆறு மாத அறிக்கைகளில் தேதி மட்டும்தான் புதுசு. ஆய்வேட்டில் பத்து விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் யுஜிசி பொறுத்துக்கொள்கிறது. அறிக்கைகளையும் அந்த மென்பொருளில் போட்டுப் பார்த்தால் மென்பொருள் அழும்.

ஆக, குற்றவாளி திருவிழா இல்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். கோயில் பத்திரிகையில் அழகர் இறங்கும் நேரம் நிமிஷக் கணக்கோடு அச்சாகிறது. அதன்படி அவரும் இறங்கிவிடுகிறார். ஸ்காலரின் வாழ்க்கையில் வேறு எதற்கும் அப்படி ஒரு நாள் கிழமை கிடையாது. உதவித்தொகை வரும்போது வரும். கைடு திருத்தும்போது திருத்துவார். அனுப்பிய கட்டுரைக்கு ஆய்விதழ் ஒன்பது மாதம் கழித்து வருத்தம் தெரிவிக்கும். சொன்ன தேதியில் சொன்னபடி தொடங்கி, சொன்னபடி முடிகிற ஒரே காரியம் ஊரில் இந்தத் திருவிழாதான். அதற்கு நாலு பேரை அழைத்துவந்து, சோறு போட்டு, பத்திரமாக பஸ் ஏற்றி அனுப்பினால், இந்த வருஷம் ஒரு காரியத்தை முடித்தோம் என்ற நிறைவு கிடைக்கிறது. சும்மா இருக்கிறவனால் ஆகிற வேலையா அது?

எந்த ஸ்காலரும் ஒரு நாள் முடித்தே தீருவார். நம்மவரும் முடித்துவிட்டார். துகள் என்ன நினைத்ததோ, ஒரு நாள் சாயத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. பங்குனியில் ஆய்வேட்டு மதிப்பீடுகள் வந்து சேர்ந்தன. இனி வைவா மட்டும்தான் பாக்கி. பொது வாய்மொழித் தேர்வு என்பதால் யாரும் வரலாம். டீ, சமோசாவுக்கு ஐம்பது பேர் கணக்குச் சொல்லி, நண்பர்களுக்கும் தகவல் கொடுத்தார். "உன் வைவாவா? லீவு கிடைக்கிறது கஷ்டம் மாப்ள" என்றார்கள் எல்லாரும்.

வடக்கேயிருந்து வரவேண்டிய வெளித் தேர்வாளரிடம் தேதி கேட்க கைடு போன் போட்டார். வைத்துவிட்டு ஸ்காலரைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவர் சித்திரையிலதான் வர்றாராம். திருக்கல்யாணத்துக்கு மறுநாள் வைவா வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாரு."

"மறுநாள் தேர் சார்."

"அதுவும் பாக்கணுமாம். குடும்பத்தோட வர்றாரு. ரூம் போட்டுருங்க."

"சரி சார்."

"அப்புறம், அஞ்சு பாஸ்."

ஸ்காலர் போனை எடுத்து நண்பர்களுக்குத் தேதியை அனுப்பினார். அன்று ராத்திரிக்குள் அத்தனை பேருக்கும் லீவு கிடைத்துவிட்டது.