மருமகன் என்ன வேலை பார்க்கிறார்?

பிரசல்ஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொண்டது.  

பக்கத்து பிரஸ்காரர், "மாப்பிள்ளை பெல்ஜியத்துல என்ன வேலை பார்க்கிறாரு?" என்று கேட்டதற்கு நீங்கள், "கம்ப்யூட்டர்ல என்னமோ" என்று சொல்லிச் சமாளித்ததாக அத்தை போனில் சொன்னார்கள். உங்க மக ஆபீஸ் போகிறாள், மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து பொம்மை போடுகிறார் என்று சொல்ல உங்களுக்கு நாக்கு கூசத்தான் செய்யும். அதனால் அடுத்த முறை யாராவது கேட்டால் சொல்வதற்கு வேண்டிய சரக்கை இதில் எழுதி அனுப்புகிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. இங்கே பொம்மை போடுகிறவனை யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. தெற்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பதிப்பகக் கட்டடத்தின் உச்சியில் காமிக்ஸ் நாயகன் டின்டினும் அவன் நாய்க்குட்டியும் 1958லிருந்து நிற்கிறார்கள். ஸ்டோக்கல் என்ற மெட்ரோ நிலையத்தில் பிளாட்பாரம் நெடுக டின்டின் கதை ஆட்கள் 140 பேருக்கு மேல் சுவரில் நடக்கிறார்கள். அதற்கான மாதிரிப் படங்களை டின்டினை உருவாக்கிய எர்ஜே 1983இல் சாகும் முன்னால் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாராம். ஊருக்குள் 1991லிருந்து வீட்டுச் சுவர்களில் காமிக்ஸ் படங்களாக வரைந்து தள்ளியிருக்கிறார்கள். நம்மூரில் காலிச் சுவர் கண்டால் யார் வரைவார்கள், என்ன வரைவார்கள் என்று உங்களுக்கே தெரியும். இதே ஊரில்தான் இரண்டடிகூட உயரமில்லாத ஒரு வெண்கலப் பொடியன் தெருமுனையில் நின்று ஒன்றுக்குப் போகிறான். அவனுக்கு ஆயிரத்துக்கு மேல் உடுப்பு, அந்த உடுப்புகளுக்குத் தனியாக ஒரு மியூசியம். இந்த இடத்தை மட்டும் அத்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

காமிக்ஸுக்கென்று ஒரு மியூசியம் உண்டு. விக்டர் ஓர்த்தா என்ற பெரிய கட்டடக் கலைஞர் 1906இல் ஒரு ஜவுளி வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்த மொத்தக் கடை அது. கூரை முழுக்கக் கண்ணாடி. துணியின் நிறம் பகல் வெளிச்சத்தில் தெரியட்டும் என்று. கடை மூடி, கட்டடம் பாழாகிக் கிடந்து, 1989இல் மியூசியமாகத் திறந்தார்கள். மழை பெய்யும் நாளெல்லாம் நான் அங்கேதான் இருப்பேன். இங்கே மழை பெய்யாத நாள் எது என்று உங்க மகளைக் கேளுங்கள்.

உள்ளே ஒரிஜினல் பக்கங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். மசி வெளுத்துவிடும் என்று விளக்கு மங்கலாகத்தான் எரியும். கண்ணாடியில் மூக்கு படுகிற தூரத்தில் நின்றால்தான் விஷயம் பிடிபடும். புத்தகத்தில் வழுவழுவென்று ஓடுகிற கோட்டுக்குக் கீழே வெள்ளைப் பெயின்ட் திட்டுத் திட்டாக இருக்கிறது. அடித்து, மறைத்து, அதன்மேல் மறுபடியும் போட்டிருக்கிறார்கள். ஒரு முழங்கையை இடம் மாற்றி வைத்ததற்கான தடம்கூடத் தெரிகிறது. நான் ரொம்ப நேரம் குனிந்து நிற்பதைப் பார்த்து அங்கிருந்த காவலாளி பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

கலர் போட்ட விதம் பிரஸ்காரரான உங்களுக்குப் பிடிக்கும். படத்தின் கோட்டை வெளிர்நீலத்தில் ஒரு தாளில் அச்சடித்து, அந்தத் தாளில் வாட்டர் கலர் பூசுவார்கள். கறுப்புக் கோடு தனியாக ஃபிலிமில் இருக்கும். அச்சுக்குப் போகும்போதுதான் இரண்டும் சேரும். கலர் எவ்வளவு வழிந்தாலும் கறுப்பு பிளேட் அழுக்காகாது. ஆனால் ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினால் கதாநாயகன் மூக்கு ஒரு பக்கம், மூக்கின் நிறம் ஒரு பக்கம். நீங்கள் வந்திருந்தால் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்திருப்பீர்கள்; காவலாளி போலீஸைக் கூப்பிட்டிருப்பார்.

படிப்பும் நடக்கிறது. நம்மூரில் ஒரே குண்டுப் புத்தகமாக அச்சான 'இரத்தப் படலம்' காமிக்ஸைப் படித்தேனே, அதை இப்போது அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் படிக்கிறேன். கதாநாயகனுக்குத் தான் யார் என்று தெரியாது, எனக்கு அவன் என்ன சொல்கிறான் என்று தெரியாது. இருவரும் சேர்ந்து தேடுகிறோம். அதை எழுதிய வான் ஹாம் இந்த ஊர்க்காரர். 1976இல் ஒரு பெரிய கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு முழுநேரமும் கதை எழுத உட்கார்ந்தவர். இதைச் சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன்.

இன்னொரு காமிக்ஸ்காரர் கீ டெலீல், கனடாக்காரர். மனைவி எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பில் வேலை பார்த்தவர். அந்த அம்மாவுக்கு பர்மாவில் போஸ்டிங் என்றால் இவரும் மூட்டை கட்டுவார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஊரைச் சுற்றி வந்து, பார்த்ததை வரைவார். ஜெருசலேம் போனதை வரைந்த புத்தகத்துக்கு 2012இல் அங்கூலெம் காமிக்ஸ் விழாவில் சிறந்த புத்தகப் பரிசு கொடுத்தார்கள். பக்கத்து பிரஸ்காரருக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

'நீலத் தாமரை'யையும் திரும்பப் படித்தேன். டின்டினின் ஷாங்காய் கதை. எர்ஜேவுக்கு 1934இல் சாங் சோங்ரென் என்ற சீன மாணவர் சிநேகிதமானார். அந்தப் புத்தகத்தில் தெருவில் தொங்குகிற சீனப் பலகைகள் அவர் எழுதியவை. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் ஜப்பான் எதிர்ப்பு கோஷங்கள் தெரியும். பெரும்பாலான வாசகருக்குப் புரியாத பலகைக்கே அத்தனை சிரத்தை! அதைப் படித்த கையோடு என் கதையில் பின்னால் வருகிற சிவகாசிக் கடைப் பலகைகளை எல்லாம் அழித்துத் திரும்ப எழுதினேன். எழுத்து கோணலாக இருக்க வேண்டிய இடத்தில் இப்போது முறையாகக் கோணலாக இருக்கிறது.

என் கதை என்ன என்று இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இன்டர்நெட்டில் ஒரு அத்தியாயம் வருகிறது. தாள் இல்லை, மசி இல்லை, பைண்டிங் இல்லை. படிக்கும்போது உங்கள் முகம் போகிற போக்கு எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி மேலிருந்து கீழே படிப்பார்கள், டெய்லி காலண்டர் கிழிக்கிற மாதிரி. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். அடி விழுகிற படம் திரையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒளிந்திருக்க வேண்டும். முன்கூட்டியே எட்டிப் பார்த்துவிட்டால் சிரிப்பு போச்சு.

கதாநாயகன் சிவகாசியில் பிரஸ் வைத்திருப்பவர், பெரிய மீசைக்காரர். மகளைப் பார்க்க பிரசல்ஸ் வருகிறார். சாக்லேட் டப்பா, பஸ் டிக்கெட், சர்ச் வாசல் நோட்டீஸ் என்று கண்ணில் பட்ட அச்சையெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டே ஊரைச் சுற்றுகிறார். இது யாரையும் குறிப்பதல்ல. ஆனாலும் உங்க மகதான் எடிட்டர். "அப்பா வாயில சிகரெட் கூடாது" என்று முதல் அத்தியாயத்திலேயே கத்தரி போட்டுவிட்டாள். கௌபாய் காமிக்ஸ் நாயகன் லக்கி லூக் வாயிலிருந்த சிகரெட்டை, அவனை வரைந்த மோரிஸ் 1983இல் எடுத்துவிட்டுப் புல்லை வைத்தார். நான் எடுத்துவிட்டுக் காதில் பென்சில் செருகியிருக்கிறேன். அடுத்து, மீசை சரியில்லை என்கிறாள். இடது பக்கம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பி வையுங்கள்.

முதல் பாகத்தைப் புத்தகமாகப் போடலாம் என்று யோசனை. 500 பிரதி, நாலு கலர், உள்ளே ஆர்ட் பேப்பர், அட்டைக்கு மேட் லேமினேஷன், செக்‌ஷன் தையல். என்ன ஆகும் என்று ஒரு கொட்டேஷன் அனுப்பவும். மாப்பிள்ளை ரேட் வேண்டாம். பார்ட்டிக்குப் போடுகிற ரேட்டே போடுங்கள். அட்வான்ஸை உங்க மக அனுப்புவாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்